இன்னொரு குடாநாடு

குடாநாடு என்னுஞ் சொல் செவியில் விழுந்ததும் எம்மவர் மனத்தில் எழுவது யாழ்ப்பாணமே. பனையும் வேலியும் கிணறும் செம்மண்ணும் கூடிய அந்நிலத்துக்கு அடைமொழியும் வேண்டுவதில்லை. ஆயின், இலங்கையின் மேற்குக் கரையில் இன்னொரு குடாநாடு உண்டு. புத்தளத்துக்குத் தெற்கே பெருநிலத்தோடு ஒட்டிநின்று, வடக்கு நோக்கி ஒரு விரல்போல் நீண்டு, ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் புத்தளக் களப்புமாக நீர் சூழக் கிடக்கும் கற்பிட்டியே அது. அலைமேற் பட்டம் பிடித்துச் சறுக்கி விளையாட வரும் வெளிநாட்டவர் அதனை நன்கறிவர். தமிழ் கற்றோர் அதனை அறிதற்கு வேறொரு காரணம் உண்டு. அக்காரணமே எம்மை அங்கு அழைத்துச் சென்றது.

ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்ற காலத்தில், தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை முதன்முதல் ஆங்கிலத்தில் தொகுத்து நூலாக்கியவர் சைமன் காசிச்செட்டி என்று எமக்குக் கற்பித்தனர். அவர் பிறந்த ஊர் கற்பிட்டி என்பதையும் அன்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். பின்னர் இருபதாண்டு காலமாக மாணாக்கருக்கும் அதனையே சொல்லி வந்தோம். சென்ற ஆண்டு ஆவணி விடுமுறையில், எம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து கற்ற பழைய மாணவரும் இந்நாளிற் புத்தளப் பகுதியில் நீர்வழங்கற் பணி புரிபவருமாகிய நண்பரொருவர், "இங்கு வந்து நாலு நாள் தங்கிப் போ" என்று அழைத்தார். அழைப்பை மறுக்க மனம் வரவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, மதவாச்சி வழியாக அநுராதபுரம் சென்று, அங்கிருந்து மேற்கே திரும்பினாற் புத்தள வீதி. குளங்களும் வயல்களும் நிறைந்த நாடு சிறிது சிறிதாகப் புதர்க்காடாக மாறுகின்றது. காற்றில் உப்பின் வாடை ஏறும்பொழுது புத்தளம் அணித்தென்று அறியலாம். அவ்வாடை வடக்கிலிருந்து செல்வோர்க்குப் புதியதன்று. தொண்டைமானாற்றங்கரையிலும் நாவற்குழி வெளியிலும் அதே காற்றையன்றோ நாம் சுவாசித்தோம்!

புத்தளம் பழைய துறைமுகம். மொறொக்கோ நாட்டுப் பயணியாகிய இபுன் பதூதா 1344ஆம் ஆண்டில் இலங்கையை அடைந்து, பத்தாலா என்னுந் துறையில் இறங்கியதாக எழுதியுள்ளார். அத்துறை புத்தளமே என்பது அறிஞர் பலர் முடிபு. அங்கே அவரை வரவேற்ற மன்னன் ஆரியச்சக்கரவர்த்தி. அவன் பாரசீக மொழியை அறிந்திருந்தான் என்றும், முத்துக்களைப் பற்றி உரையாடினான் என்றும், பாதமலைக்குச் செல்ல வேண்டிய துணைகளை அளித்தான் என்றும் அப்பயணி குறிக்கின்றார். யாழ்ப்பாண மரபின் அரசனொருவன் அயல்நாட்டு முஸ்லிம் பயணியை அருகிருத்தி உபசரித்த செய்தி, ஏறத்தாழ எழுநூறாண்டுக்கு முன் இக்கரையைப் பற்றி எழுதப்பட்டது. இதனை வாசகர் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

முதல் நாள் மாலை உப்பளம் காணச் சென்றோம். ஆவணி வெயில் உப்புக்கு உகந்தது. களப்பு நீரை முதலிற் பெரிய பாத்திகளிற் பாய்ச்சிக் காயவிடுகின்றனர். நீர் செறியச் செறிய ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றுகின்றனர். முதலிற் சுண்ணமும் பின்னர்ச் சிப்சமும் அடியிற் படிய, அவை கழிந்த நீரே உப்பு விளையும் பாத்திக்குச் செல்கின்றது. அங்கே உப்புப் பூத்தபின் எஞ்சும் கைப்புநீரை உரிய வேளையில் வெளியேற்றாவிடின் உப்புக் கசக்கும். வாரிக் குவித்த உப்பின் வெண்மை கண்ணைக் கூசச் செய்தது. "இப்ப ஒரு மழை பெய்தால் எல்லாம் கரைஞ்சு போம், ஐயா" என்றார் அங்கு நின்ற தொழிலாளி ஒருவர். அவர் வானத்தைப் பார்த்த பார்வையில் அச்சம் இருந்தது. மறுநாட் கண்ட தோட்டக்காரரும் வானத்தை நோக்கினார். அவர் பார்வையில் இருந்தது ஏக்கம். ஒரே வானத்தின்கீழ், சில கட்டை தூரத்துக்குள், ஒருவர் மழை வேண்டாமென்றும் மற்றொருவர் மழை வேண்டுமென்றும் வேண்டி நிற்கும் நாடு அது.

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி நகரம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். வழியிலுள்ள ஊர்ப் பெயர்களை வாசித்துக்கொண்டு செல்வது தமிழாசிரியனுக்கு ஒரு விருந்து. நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை, பள்ளிவாசல்துறை என்னும் பெயர்களை வாயாற் சொல்லிப் பார்த்தாலே கடலோசை கேட்கும். வீதியிற் கழுதைகள் எவர் அதிகாரத்துக்கும் கட்டுப்படாமல் நின்றன. பஸ் வண்டி ஊதியும் அவை நகரவில்லை. சாரதி தாமே இறங்கிச் சென்று ஒன்றின் முதுகிற் தட்டிக்கொடுத்த பின்னரே வழி கிடைத்தது.

இருபுறமும் மணல். அம்மணலில் வெங்காயமும் மிளகாயும் காய்கறியும் செழித்திருந்தன. இது எவ்வாறு இயலும் என்று வினவியபொழுது, நண்பர் ஒரு கிணற்றருகே எம்மை நிறுத்தி விளக்கினார். மழைநீர் மணலூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் இலேசானது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் தாங்கி நிற்கும் என்பது கணக்கு. ஆகவே, மேலே 1 அடி நீரை இறைத்துத் தாழ்த்தினால், நாளடைவில் அடியிலிருந்து 40 அடிக்கு உவர் எழும். "வரவறிந்து செலவு செய்யாதவன் வீடு போலத்தான் இந்தத் தண்ணியும்" என்றார் நண்பர். அளவுக்கு மிஞ்சிய உரத்தால் இங்குள்ள நிலத்தடி நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதையும் ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். மணலுக்குப் பதிலாகச் சுண்ணக்கல் என்பதொன்றே வேறுபாடு. மற்றெல்லாம் எம் வலிகாமத்துக் கிணறுகளின் கதையே. இரு குடாநாடுகளும் ஒரே நோயைக் கொண்ட இரு சகோதரிகள் என்று எண்ணினோம்.

அத்தோட்டத்துக்கு அயலிலே ஒரு சிறு கடை இருந்தது. தேநீர் அருந்த அமர்ந்தோம். கடைவாயிலில் வெண்தாடியோடு அமர்ந்திருந்த முதியவரொருவர், எம் பேச்சைச் சிறிதுநேரம் கேட்டிருந்து, "யாழ்ப்பாணமோ?" என்றார். ஆமென்றோம். எம் தொழிலையும் கேட்டறிந்தபின் அவர் முகம் மாறியது.

"மாஸ்டர், எங்கட ஊரிலை மழை பெய்ததே? கிணறுகளிலை தண்ணி நிக்குதோ?"

எங்கட ஊர் என்று அவர் சொன்னது யாழ்ப்பாணத்தை. சோனகத் தெருவிற் பிறந்து, பெரிய கடையில் தையற் தொழில் செய்தவராம். "இல்லைக் காக்கா, இன்னும் மழையில்லை. ஐப்பசிக்குத்தான் பாப்பம்" என்றோம். முனியப்பர் கோயில் மரங்கள் நிற்கின்றனவா, முற்றவெளியிற் பிள்ளைகள் பந்தடிக்கின்றனரா, ஒஸ்மானியாக் கல்லூரி நடக்கின்றதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாம் சொல்லச் சொல்ல, வீடு பூட்டியிருக்கின்றதா என்று தொட்டுப் பார்ப்பவர்போல் தலையசைத்தார்.

இளைய வாசகர் பொருட்டு வரலாற்றைச் சுருக்கிச் சொல்லுதல் வேண்டும். 1990 ஒக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில், வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகள் இயக்கத்தினரால் வெளியேற்றப்பட்டனர். அவர் தொகை 70,000க்கு மேல். யாழ்ப்பாண நகரத்தவர்க்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறி இக்கற்பிட்டிக் கரையிலேயே இறங்கினர். புத்தளத்து மக்கள் தம் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்து அவர்களுக்கு இடமளித்தனர். ஓலைக்கொட்டில்களில் தொடங்கிய அவ்வாழ்க்கை பல்லாண்டு நீண்டது. 2009இற் போர் முடிந்தபின் சிலர் மீண்டனர். பலர் மீளவில்லை. முப்பதாண்டுக்கு மேற்பட்ட காலத்திற் பிள்ளைகள் பிறந்தன, மரங்கள் வளர்ந்தன, கபுறுகளும் பெருகின.

முதியவர் தொடர்ந்து சொன்னார்: "என்ரை மூத்த மகன் உங்கட கல்லூரியிலைதான் படிச்சவன். ஒன்பதாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்திலை அவனுக்குத்தான் முதற் பரிசு. பரிசுப் புத்தகத்தை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டம்." இதனைச் சொன்னபொழுது அவர் குரலில் முறைப்பாடு இல்லை. கடையில் ஒரு பொருளை மறந்து வைத்துவிட்டு வந்தவர் சொல்லும் தொனியே இருந்தது. அதுவே எம்மை வருத்தியது.

அவ்வேளை அவருடைய பேத்தி, பத்து வயதுச் சிறுமி, கையில் அப்பியாசக் கொப்பியோடு வந்து நின்றாள். விடுமுறைக்கு ஆசிரியை கொடுத்த கட்டுரையாம். தலைப்பு 'எங்கள் ஊர்'. "வாப்பும்மா புத்தளம் எழுதச் சொல்லுறா. அப்பா யாழ்ப்பாணம் எழுதச் சொல்லுறார். எதை எழுதுறது?" என்று எம்மிடமே தீர்ப்புக் கேட்டாள். அத்தலைப்பை எத்தனை வகுப்புகளுக்கு நாமும் கொடுத்திருக்கின்றோம்! கோயில், குளம், சந்தை, பாடசாலை என்று வரிசையாக எழுதிப் புள்ளி பெறும் எளிய தலைப்பென்றே அதனை யாவரும் கருதுவர். "இரண்டையும் எழுது பிள்ளை. ஒருவருக்கு இரண்டு ஊர் இருக்கலாம்" என்றோம். "அப்ப இரண்டு பக்கம் காணாது" என்று சொல்லி ஓடிவிட்டாள்.

அன்று பிற்பகல் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைத் தொலைவிலிருந்து கண்டோம். அதன் முதற் பகுதி 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று பகுதிகளும் நிறைவெய்தி, 900 மெகாவாற்று ஆற்றலுடைய நிலையமாயிற்று. அந்நிய நாட்டு நிலக்கரியைக் கடலினுள் நெடுந்தூரம் நீண்ட இறங்குதுறை வழியே கொணர்கின்றனர். நம் வீட்டு மின்விளக்கின் ஒரு பகுதி ஒளி இம்மணலிலிருந்து வருகின்றது. சாம்பலும் தூசியும் இங்குள்ளோர்க்கே எஞ்சுகின்றன. அதற்கு அப்பால் தலவில் அன்னம்மாள் ஆலயம். பங்குனியிலும் ஆவணியிலும் நிகழும் அதன் திருவிழாக்களுக்குத் தமிழரும் சிங்களவருமாக அடியார் திரள்வர். இரு மொழிச் செபமும் ஒரே முற்றத்தில் எழக் கேட்டோம்.

கற்பிட்டி நகரின் கோட்டையை ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரையிற் கட்டினர். கண்டியரசனாகிய இரண்டாம் இராசசிங்கன் புத்தளத்தினூடாக நடத்திய வாணிகத்தைத் தடுப்பதே அதன் நோக்கம். களப்பின் வாயிலைப் பிடித்தவன் கையில் கண்டியின் கழுத்து இருந்தது என்று சொல்லலாம். பவளக்கல்லாலும் சுண்ணக்கல்லாலும் எழுந்த அதன் மதில் இன்றும் உறுதியாய் நிற்கின்றது. 1795இல் அது ஆங்கிலேயர் கைப்பட்டது. இந்நாளில் கடற்படையினர் வசமுள்ளது. அவர் அனுமதியோடு உட்சென்று மதிலேறிப் பார்த்தோம். கிழக்கே களப்பு. வடக்கே சிறு தீவுகள். அவற்றுக்கப்பால் ஒல்லாந்தர் குடா, போர்த்துக்கேயர் குடா என்று வந்தவர் பெயரைத் தாங்கிய நீர்ப்பரப்புகள். வந்தவர் போயினர், அவர் பெயரைக் கடல் இன்னும் வைத்திருக்கின்றது.

இவ்வூரில் 1807ஆம் ஆண்டிற் பிறந்தவர் காசிச்செட்டி. இலங்கை ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் விவரிக்கும் 'சிலோன் கசற்றியர்' என்னும் நூலை 1834இல் வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழு. 1838இற் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாய் அமர்ந்தார். பின்னர் அரசாங்க சேவையிற் புகுந்து சிலாபத்தில் நீதிபதியாயிருந்தார். கிரேக்கப் பெருமக்களின் சரிதம் எழுதிய புளூட்டாக்கின் பெயரைத் தழுவி, 'தமிழ் புளூட்டாக்' என்னும் புலவர் சரிதத்தை 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சிடுவித்தார். மறு ஆண்டிற் காலமானார். யாழ்ப்பாணத்து ஆணல்ட் சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' வெளிவந்தது 1886இல். அவருக்கு முன்னே வழிகாட்டிச் சென்றவர் இக்கற்பிட்டிச் செட்டியாரே.

ஒல்லாந்தர் தேவாலயத்தின் முன் நின்று, இதனையெல்லாம் நண்பருக்குச் சொன்னோம். அருகிற் பந்தடித்து நின்ற சிறுவரை அழைத்து, காசிச்செட்டி என்னும் பெயரைக் கேட்டதுண்டா என்று வினவினோம். ஒருவன் அவர் எந்தக் கடைக்காரர் என்று திருப்பிக் கேட்டான். நண்பர் சிரித்தார். எமக்குச் சிரிப்பு வரவில்லை, சினமும் வரவில்லை. தொலைந்துபோகும் பெயர்களைத் தேடி எழுதிவைத்தவர் பெயரே அவர் பிறந்த தெருவில் தொலைந்திருக்கின்றது. ஆயினும் அச்சிறுவன் வினவிய மொழி தமிழ். அவர் எந்த மொழியின் பொருட்டு உழைத்தாரோ, அம்மொழி அத்தெருவில் உயிரோடிருக்கின்றது. சிறுவர்க்கு அவ்விடத்திலேயே அவர் கதையைச் சொன்னோம். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முடியும்வரை கேட்டனர்.

தமிழ் உயிரோடிருத்தல் தானே நிகழ்வதன்று என்பதை மறுநாட் பயணம் உணர்த்தியது. தெற்கே சென்று, முந்தற் களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட உடப்பு என்னும் ஊரை அடைந்தோம். இராமேசுவரப் பக்கத்திலிருந்து வந்தோர் வழியினர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் தமிழ்க் கடற்றொழிலாளர் ஊர் அது. திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பு நாடறிந்தது. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலைக் கேட்டு நின்றபொழுது, வகுப்பறையில் நாம் நாட்டார் பாடல் என்று கற்பிப்பது வியர்வையோடு பிறப்பது என்பதை உணர்ந்தோம். அதற்குத் தெற்கே, சிலாபத்தருகே முன்னேசுவரம். 1578இற் போர்த்துக்கேயர் இடித்த அத்தலத்தை 1753இற் புதுக்குவித்தவன் கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன். பௌத்த மன்னன் சிவாலயத் திருப்பணி செய்த செய்தியும் இந்நாட்டு வரலாறே.

ஆயின், சிலாபத்திலிருந்து நீர்கொழும்புவரை உள்ள கரையில், முன்னாளில் தமிழ் பேசிய குடும்பங்கள் பல இருபதாம் நூற்றாண்டிற் சிங்களம் பேசுவோராய் மாறிவிட்டன. அங்கே எவரும் வாளெடுக்கவில்லை. பாடசாலையின் போதனாமொழி மாறியது; அடுத்த தலைமுறையின் மொழியும் மாறியது. நீர்கொழும்பு மீனவர் சிலர் இல்லத்தில் இன்றும் தமிழ் பேசுவர், எழுத்தறிவதோ சிங்களத்தில். அவரவர் தெரிவை நாம் குறைகூறவில்லை. உடப்பில் தமிழ்ப் பாடசாலை நிற்கின்றது, தமிழும் நிற்கின்றது. ஒரு மொழியின் எல்லையை வரைவது பெரும்பாலும் ஆசிரியனின் வெண்கட்டியே என்பதைத் தொழிலிற் சலிப்புற்ற எம்மனையோர் மறத்தலாகாது.

திரும்பும் வழியிற் களப்போரமாகக் கைவிடப்பட்ட இறால் வளர்ப்புக் குளங்களைக் கண்டோம். கண்டற் காட்டை வெட்டி, விரைவிற் பொருளீட்டலாமென்று தோண்டிய குளங்கள் அவை. 1996இற் பரவிய வெண்புள்ளி நோயால் இக்கரையிற் பல பண்ணைகள் வீழ்ந்தன. வெட்டிய காடு விரைவில் மீளவில்லை. நிலமாயினும் மக்களாயினும், வேரோடு பெயர்த்தெடுக்க ஒரு நாள் போதும். வேர்விடச் செய்வதற்கு ஒரு தலைமுறையும் போதாது.

இக்கட்டுரையை யூபிலி மலருக்கு எழுதுவதற்கு ஒரு நோக்கமுண்டு. 1990இல் நாம் ஆறாம் வகுப்பு மாணாக்கர். போர்ச் சூழலில் விட்டுவிட்டு நடந்தன வகுப்புகள். எமக்கு முன்வாங்கில் ஒரு முஸ்லிம் மாணவன் இருந்தான். நன்றாகப் படம் வரைவான். ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை. இடாப்பில் அவன் பெயர் இருந்தது. ஆசிரியர் சில நாட்கள் அப்பெயரை வாசித்து, சிறிது தாமதித்து, அடுத்த பெயருக்குச் சென்றார். பின்னர் ஒருநாள் வாசிப்பதை நிறுத்தினார். எவரும் எதுவும் கேட்கவில்லை.

யூபிலியை முன்னிட்டுப் பழைய மாணவர் பெயர்ப் பட்டியல் தொகுக்கப்படுவதாக அறிகின்றோம். இறுதி வகுப்புவரை கற்று வெளியேறியோர் பெயர் அதில் எளிதில் இடம்பெறும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்வோரைத் தேடிக் கடிதம் செல்கின்றது, மகிழ்ச்சி. அவற்றுடன், 1990ஆம் ஆண்டின் இடாப்புகளையும் திறந்து பார்க்குமாறு சங்கத்தாரை வேண்டுகின்றோம். ஆறாம் வகுப்போடும் ஒன்பதாம் வகுப்போடும் பெயர் நின்றுபோனவர்களும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. அவர்களுக்குச் செல்லவேண்டிய கடிதத்துக்குக் கடல் கடந்த முத்திரை வேண்டுவதில்லை. புத்தளத்துக்குச் செல்லும் தபால் போதும். தையற்காரரின் மகன் வீட்டில் விட்டுவந்த பரிசுப் புத்தகத்துக்குப் பதிலாக இன்னொன்றை யூபிலி விழா மேடையில் வழங்குதல் சங்கத்துக்கு அரிய செயலன்று. அதற்குரிய நூலை நாமே தேடி வைத்துள்ளோம்.